பாக்கெட்டில் கை விட்டால் வரும் ஆங்கிலம்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது. நேர்முகப் பரீட்சை போனிலேயே முடிந்துவிட்டது. எங்கள் வீட்டு முன்னறையில்தான் சிக்னல் நன்றாக எடுக்குமாம். என் சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி மேலே போட்டு, இடையிடையே முறுக்கைக் கடித்தபடி, மறுமுனையில் இருந்த பெரிய மனிதரோடு ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். எங்கேயம்மா படித்தாய் என்று கேட்டேன். "எங்க படிச்சேன்? சும்மா படுத்துக்கிட்டுப் படம் பாத்ததுதான் தாத்தா" என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டோடு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். நுவரெலியாக் குளிரில் இந்த வயதில் இப்படி நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "என்ன, எறும்பு கடிச்சிருச்சா?" என்றாள் மனைவி. எப்படிச் சொல்வது? நானும் படம் பார்த்து ஆங்கிலம் கற்றவன்தான். ஆனால் என் ஆங்கிலத்துக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

மழையில் நனைந்த கம்பளியின் வாசம் உங்களுக்குத் தெரியுமா? ஆட்டுப்பட்டி வாசமும் புகை வாசமும் கலந்த ஒன்று. தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி அது. எனக்கு ஆங்கிலம் என்றாலே அந்த வாசம்தான் வரும். நாவலப்பிட்டித் தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சிக்கு மட்டும் இங்கிலீஷ் படம் போடுவார்கள். மலையிலிருந்து இறங்கி வரும் எங்களைப் போன்றவர்கள் நனைந்த கம்பளியும் சாக்குமாகத்தான் உள்ளே போவோம். படம் தொடங்கி உடம்புச் சூடு ஏற ஏற, கொட்டகை முழுவதும் அந்த வாசம் எழும்பும். திரையில் கோட்டுப் போட்டவர்கள் விருந்து சாப்பிடுவார்கள். இந்தப் பக்கம் நாங்கள் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருப்போம்.

எங்கள் தோட்டம் கொத்மலைப் பக்கம். ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் நாங்கள் குடியிருந்த லயங்கள், வரிசை வரிசையாக ஒற்றை அறைகள்; உச்சி மேட்டில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களா. அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தாள். நாங்கள் இருந்த ஒற்றைக் காம்பரா அம்மா வேலைக்குப் பேர் போடுகிறவரைதான் எங்களுக்கு. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டால் காம்பராவையும் விட வேண்டியதுதான். அவளுக்கோ முழங்கால் போய்விட்டது. காலையில் ஆட்களை எழுப்பத் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். அதைப் பார்க்காமல் இருக்க நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை அரைக்கிற தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதுவும் நிரந்தரமில்லை, கூப்பிட்டால்தான் வேலை.

இதிலிருந்து தப்ப எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் இருந்தது. தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிளாக்கராகச் சேர்ந்தால் தனி வீடு கொடுப்பார்கள். முன்னால் ஒரு துண்டு முற்றம், பின்னால் தனி அடுப்படி. அம்மா உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் கிளாக்கருக்கு இங்கிலீஷ் பேச வேண்டும். பள்ளியில் நான் படித்த இங்கிலீஷ் எழுதத்தான் உதவும். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

ஆகவே ஞாயிறு தவறாமல் படம். ஒரே படத்தை அது ஓடுகிற வரை பார்ப்பேன். காதலர்கள் பேசுவது ஒரு மண்ணும் விளங்காது. காதுக்குள் முணுமுணுப்பார்கள், அப்புறம் மேளம் வாசித்துக் கெடுப்பார்கள். ஆனால் கோபக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் நல்ல வாத்திமார். சின்னச் சின்ன வாக்கியம், தெளிவான உச்சரிப்பு, முகத்தைப் பார்த்தே அர்த்தம் பிடித்துவிடலாம். அதனால் நான் முதலில் கற்றது சண்டை இங்கிலீஷ். இரண்டாவது கற்றதும் அதுதான். "லிஸன்!" என்று தொடங்காமல் எனக்கு ஒரு வாக்கியமும் வராது.

ஸ்டோரில் மேல்தட்டில் கொழுந்து வாட விரித்திருக்கும். பச்சை வாடை மூக்கை அடைக்கும். கீழே யந்திரங்கள் இரைவதால் மேலே யார் கத்தினாலும் கேட்காது. அதுதான் என் வகுப்பறை. வாடுகிற கொழுந்தைப் பார்த்துத்தான் எத்தனை சவால் விட்டிருப்பேன்! ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. படத்தில் பேசுகிறவன் எப்போதும் கால்சட்டைப் பாக்கெட்டில் ஒரு கையை விட்டிருப்பான். இல்லாவிட்டால் மேசை நுனியில் சாய்ந்திருப்பான். நான் வேட்டி மாதிரிச் சாரம் கட்டியிருந்தேன். சாரத்தில் ஏது பாக்கெட்? இடுப்பில் கையை ஊன்றிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது. கடைசியில் நாவலப்பிட்டியில் ஒரு நீளக் கால்சட்டை தைத்துக்கொண்டேன். "பாக்கெட் சின்னதாப் போதுந்தானே தம்பி? உள்ள வைக்க என்னா இருக்கு?" என்றார் தையல்காரர். "கை இருக்குங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நம்பினால் நம்புங்கள், அந்தக் கால்சட்டை வந்த பிறகு இங்கிலீஷ் கடகடவென்று வந்தது. கை உள்ளே போனதும் நாக்கு அவிழ்ந்துவிடும். கை வெளியே வந்தால் மறுபடி காற்றுதான். சரி, போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தேன். தனக்கு நடக்கப்போவது தெரியாதவனுக்குத்தான் அந்தத் தைரியம் இருக்கும்.

இரண்டாவது கிளாக்கர் வேலை காலியானது. பெரிய கிளாக்கர் நல்ல மனிதர். தலை நரைத்தவர். அம்மாமேல் இரக்கப்பட்டு, என்னைத் துரையிடம் கூட்டிப்போக ஒத்துக்கொண்டார். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு பங்களாவுக்குப் போனோம். படியடியில் செருப்பைக் கழற்றச் சொன்னார். "கையக் கட்டிக்கிட்டு நில்லு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. துரை மூஞ்சிய நேராப் பாக்காத" என்றார்.

துரை வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். காலடியில் ஒரு நாய். எங்கள் துரைமார் எல்லாரும் தமிழ் பேசுவார்கள், தெரியுமோ? தோட்டத்துக்கு வந்த புதிதில் படித்துப் பரீட்சை எழுதிய தமிழ். அதில் 'வா', 'போ', 'வெட்டு', 'சும்மா இரு' எல்லாம் உண்டு. 'வாங்க' மட்டும் கிடையாது.

"என்னா பேர்?" என்றார். சொன்னேன். "அம்மா எந்த மலை?" சொன்னேன். அப்புறம் இங்கிலீஷுக்கு மாறி, இந்த வேலை உனக்கு எதற்கு என்று கேட்டார்.

பதில் தயாராகத்தான் இருந்தது. வாரக்கணக்கில் கொழுந்துக்கு முன்னால் ஒப்பித்த பதில். ஆனால் கை இரண்டும் நெஞ்சில் கட்டிக்கிடக்கிறதே! தலை குனிந்திருக்கிறது, பார்வை நாயின் வாலில் இருக்கிறது. ஒரு சொல் வரவில்லை. இப்படி நின்று இங்கிலீஷ் பேசிய ஆளை நான் ஒரு படத்திலும் பார்த்ததில்லை. நாய் எழுந்து வந்து என் காலை மோந்து பார்த்தது. பெரிய கிளாக்கர் இருமினார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீடு போகிறது, முற்றம் போகிறது, அம்மா நாளைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போகிறாள் என்று எனக்குள் ஓடியது.

கை தானாக அவிழ்ந்தது. தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. ஒரு கால் வராந்தாப் படியில் ஏறியது. தலை நிமிர்ந்தது. "லிஸன்!" என்றேன்.

அப்புறம் அருவிதான். என் அம்மா மழையில் நிற்கிறாள், அவளுக்கு ஒரு வீடு வேண்டும், எனக்கு எழுதத் தெரியும், பேசத் தெரியும், உமக்கு ஓர் ஆள் தேவை, அந்த ஆள் நான்தான் என்று விரலை நீட்டிச் சொல்லி முடித்தேன். ஒரு தவறும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் வாழ்நாளில் நான் பேசிய மிக நல்ல ஆங்கிலம் அதுதான்.

துரை கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், படியில் இருந்த காலை. பிறகு தமிழில் சொன்னார்: "சரி. நீ போ."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன், அவர் தமிழில் பதில் சொன்னார். அத்தோடு எனக்குப் புரிந்துவிட்டது.

இறங்கி வரும்போது பெரிய கிளாக்கர் முன்னால் வேகமாக நடந்தார். ஆபீஸ் திருப்பத்தில் நின்றார். "என் தலை நரைச்சுப் போச்சு. இன்னைய வரைக்கும் அந்தப் படியில கால வச்சதில்ல, பாத்துக்க" என்றார். ஏசுகிறார் என்று நினைத்தேன். ஆனால் கண் கலங்கியிருந்தது. இன்றுவரை எனக்கு அந்தக் கண்ணின் அர்த்தம் சரியாகத் தெரியாது.

வேலை வேறொருவருக்குப் போனது. அம்மாவிடம் மறைக்க முடியுமா? லயத்தில் ஒரு தும்மல் போட்டால் கடைசிக் காம்பரா வரை கேட்கும். "அப்பிடி என்னாதான்டா பண்ணுன?" என்றாள். கால்சட்டையை மாட்டிக்கொண்டு செய்து காட்டினேன். ஏசுவாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பிடிப் பேசுற ஆளுக யாருடா? எனக்கும் காட்டு" என்றாள்.

அடுத்த ஞாயிறு கூட்டிப் போனேன். பெட்டியில் கிடந்த கூறைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். முழங்கால் வலிக்க வலிக்கப் பஸ் ரோட்டுக்கு இறங்கி வந்தாள். அன்றைய படத்தில் ஓர் ஆள் தன் முதலாளியின் மேசைமேல் சாய்ந்து நின்று முகத்துக்கு நேரே கத்திவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கொட்டகையில் கைதட்டல். அம்மா மட்டும் என் கையைச் சுரண்டினாள்.

"வேல போச்சா அவனுக்கு?"

"போச்சும்மா."

"இப்ப எங்கடா போறான்?"

"வீட்டுக்கு."

"யாரு வீட்டுக்கு?"

"அவன் வீட்டுக்குத்தாம்மா. சொந்த வீடு."

முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். அம்மா அதைக் கவனிக்கவில்லை. "ஓ" என்றாள். எனக்கு அதற்குமேல் படம் ஓடவில்லை. அத்தனை ஞாயிறும் இப்படிப் பேசுகிறவனின் கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன். அவன் வீட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்த மாதமே தோட்டத்தை விட்டுக் கிளம்பினேன். நோட்டன் பிரிட்ஜில் கொஞ்ச நாள், அட்டனில் கொஞ்ச நாள், எங்கேயும் கால் தரிக்கவில்லை. கடைசியில் நுவரெலியாவில், துரைமாருக்குச் சாமான் விற்கும் ஒரு செட்டியார் கடையில் நிலைத்தேன். கல்லாப் பக்கம் மேசைக்குப் பின்னால் நிற்கிற வேலை. கையில் எப்போதும் பொட்டலம் கட்டுகிற நூல் இருக்கும். அதிசயம் பாருங்கள், பாக்கெட் இல்லாமலே பேச்சு வந்தது. ஆனால் அது வேறு இங்கிலீஷ். பன்றி இறைச்சி டின் இருக்கிறது, வெண்ணெய் நாளைக்கு வரும். பழைய "லிஸன்" எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னறை ஒன்றை வாடகைக்குப் பிடித்ததும் அம்மாவைக் கூட்டி வந்துவிட்டேன். காம்பராவைக் காலி செய்கிற அன்று, குனிய முடியாத முழங்காலோடு உட்கார்ந்து உட்கார்ந்து தரை முழுவதும் சாணி மெழுகினாள். "வர்றவங்க என்னா நெனைப்பாங்க?" என்றாள்.

இப்போது எதுவும் இல்லை. துரை தன் ஊருக்குப் போனார். தியேட்டர் இருந்த இடத்தில் ஏதோ கடை என்றார்கள். ஞாயிறு காலை இங்கிலீஷ் படம் என்று ஒன்று இருந்ததைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பிறகு ஒரு காலத்தில் கொத்மலையில் அணை கட்டித் தண்ணீரை நிறுத்தினார்கள். ஆறு மேலே ஏறியது. பள்ளத்தில் இருந்த லயங்கள் உள்ளே போயின, எங்கள் காம்பராவும்தான். பங்களா மேட்டில் இருந்ததால் தப்பிவிட்டது; அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் அழகாகத் தெரியுமாம்.

அம்மா அப்போது படுக்கையில் இருந்தாள். செய்தியை நான்தான் சொன்னேன். "போனா போவுது. தோட்டத்துக்குத்தான நட்டம், நமக்கென்னா? வீடு அவங்களோடதுதான" என்றாள்.

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை.