பூசைக்கு ஒரு பெர்மெஸ்ஸோ

போன திங்கட்கிழமை நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அதுவும் நல்ல இத்தாலியனில், கீழே கையெழுத்தெல்லாம் வைத்து!

சிவமலர் அக்காவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியை, ஒரு சின்யோராவை, பராமரிக்கிறார். நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் ஹோலில் வெள்ளிக்கிழமை அம்மன் பூசை – அதற்கு முழுப் பொறுப்பும் அவர்தான். சின்யோராக்கள் தூங்குகிற மத்தியான நேரம்தான் எங்கள் ஆட்களுக்கு ஓய்வு. அதனால் பூசையும் அப்போதுதான். பலெர்மோ முழுக்கத் தூங்கும்போது நாங்கள் மணி அடிக்கிறோம்!

கட்டட நிர்வாகியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. மணிச் சத்தத்தால் மத்தியானத் தூக்கம் கெடுகிறதாம், பூசையை உடனே நிறுத்த வேண்டுமாம். இல்லாவிட்டால் ஹோலைக் காலி பண்ண வேண்டி வருமாம். நவராத்திரிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“தம்பி, கொமூனேக்கு ஒரு மனு எழுதித் தாரும். பூசை செய்யப் பெர்மெஸ்ஸோ தரச் சொல்லி.”

எழுதினேனே, நகரசபைக்கு! இந்த நாட்டில் இருக்க ஒரு பெர்மெஸ்ஸோ, அதாவது அனுமதிப் பத்திரம், அதைப் புதுப்பிக்க ஒரு வரிசை... இருபது வருடம் இப்படி நின்றவனுக்கு வேறு எப்படி யோசிக்க வரும்? ‘தயவுசெய்து’ என்று மூன்று இடத்தில் போட்டிருந்தேன்.

அக்காவும் நானும் கொமூனே அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் மனுவை இரண்டு தடவை வாசித்தார். இதை வைத்துத் தான் என்ன செய்வது என்று கேட்டார். சாமி கும்பிட யாரும் அனுமதி கொடுப்பதில்லையாம். அந்த அதிகாரம் மேயருக்கே இல்லையாம்.

அவரே விளக்கினார்: தனியாகவோ கூட்டமாகவோ வழிபடும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது – குடிமக்களுக்கு மட்டும் அல்ல. வடக்கே ஒரு பிராந்தியம் வழிபாட்டு இடங்களுக்கென்று தனிக் கெடுபிடி போட்டபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று தள்ளிவிட்டது. வழிபட ஓர் இடம் இருப்பதும் அந்த உரிமையில் சேர்ந்தது என்பதுதான் தீர்ப்பு. சத்தம், பாதுகாப்பு... அவை வேறு. அந்த விதிகள் கிளப்புக்கும் கடைக்கும் உள்ளவைதான்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, அக்கா நம்பவேயில்லை.

“அப்பிடியெண்டால், பெர்மெஸ்ஸோ தேவையில்லை எண்டு ஒரு கடிதம் தரச் சொல்லும். முத்திரையோட.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. நானும் அதைத்தானே மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்! நீதிபதிகள் எவ்வளவு பெரிய தீர்ப்பையும் எழுதட்டும். எங்கள் உரிமையை நாங்களே கொண்டுபோய் ஒருவர் மேசையில் வைத்துவிட்டு, அதைத் தரச் சொல்லிக் கெஞ்சினால் நீதிமன்றம் என்ன செய்யும்?

மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை நிர்வாகி நேரிலேயே வந்துவிட்டார். என்ன முடிவு என்று வாசலில் நின்று கேட்டார். மொழிபெயர்க்க நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அக்காவே, சின்யோராவோடு கதைத்துப் பழகிய இத்தாலியனில் தொடங்கிவிட்டார். மத்தியானத்தில் மணி அடித்தது எங்கள் பிழைதான், இனிப் பெரிய மணி இல்லை, சின்னக் கைமணி மட்டும்தான் என்றார். பிறகு சொன்னார்:

“ஆனால் பூசை நிக்காது.”

நிர்வாகி கைமணியை ஒருதடவை அடித்துக் காட்டச் சொன்னார். அக்கா அடித்தார். அவர் சரியென்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மனு எழுதித் தரச் சொல்லி அக்கா இனி என்னிடம் வரமாட்டார் போலிருக்கிறது... நல்லதாய்ப் போயிற்று!