பட்டியலிலிருந்து நான் எடுப்பித்த பெயர்

ஸ்னோமொபீல் என்கிற பனி வண்டிகளின் நீண்டதூரப் பந்தயத்தில் இருபது வருடங்களுக்கு மேல் தொண்டு செய்தவர்களை ஒரு இராப்போசன விருந்தில் கௌரவிக்க ஏற்பாட்டுக் குழு முடிவெடுத்தது. யார் எத்தனை குளிர்காலம் நின்றார்கள் என்று பழைய தாள்களைப் பார்த்துப் பட்டியல் போடும் வேலையை என்னிடம் தந்தார்கள். ஓய்வுபெற்றவன், பொறுமையாக இருந்து பார்ப்பேன் என்று நினைத்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தேன். புலம்பெயர்ந்து இந்தக் குளிர்தேசத்துக்கு வந்தபின் ஒஷாவா நகரில் ஒரு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தரம் பார்க்கும் வேலை. மணிக்கொருதடவை வெப்பநிலையை அளந்து எழுதவேண்டிய தாளைச் சிலர் வேலை முடிகிற நேரத்தில் ஒரே மூச்சில் எழுதி நிரப்புவார்கள். ஒரே மை, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் திருத்தல் இராது. பார்த்தவுடன் பிடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் நண்பரின் தாள்கள் அப்படித்தான் இருந்தன.

அவர் மன்னார்க்காரர், கடற்தொழில் செய்த குடும்பம். இங்கே லொறி ஓட்டியவர். என்னை அந்தப் பந்தயத்துக்கு முதன்முதலில் கூட்டிப்போனதே அவர்தான். ஒவ்வொரு குளிர்காலமும் மில்லிக்கனில் என் வீட்டு வாசலில் அவருடைய வான் வண்டி வந்து நிற்கும். வடக்கே ஆறு மணித்தியால ஓட்டம். உறைந்த ஏரிகளுக்கும் காடுகளுக்கும் ஊடாகப் பந்தயம் நடக்கும். வழியில் ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் ஒருவர் நின்று, வருகிற வண்டியின் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதவேண்டும். ஒரு வண்டி வராவிட்டால் அந்தத் தாளை வைத்துத்தான் தேடப் போவார்கள்.

"ஊரில ஆமிக்காரர் செக்பொயின்ற்றில எங்களை இறக்கி ஏத்தினாங்கள். இஞ்ச பாருங்கோ மாஸ்டர், நாங்களே செக்பொயின்ற்," என்று ஒவ்வொரு வருடமும் அதே பகிடியைச் சொல்வார். ஒவ்வொரு வருடமும் நான் சிரிப்பேன்.

அந்தக் குளிரில் பேனா எழுதாது. நாங்கள் எல்லோரும் பென்சிலால் எழுதுவோம். எங்கள் தாள்கள் நனைந்து, கசங்கி, பாதி அழிந்திருக்கும். அவருடையவை நீல மையில், பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி இருந்தன. இருபத்திரண்டு வருடத் தாள்களும் அப்படியே. ஒரு வண்டியையும் பார்க்காமல் வானுக்குள் இருந்து எழுதியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

அதற்குப் பிறகு எல்லாமே சாட்சியாகத் தெரிந்தன. ஏரியின் நடுவிலுள்ள தூரத்துச் செக்பொயின்ற்றை ஏன் எப்போதும் கேட்டு வாங்கினார்? துணைக்கு ஆள் தருகிறோம் என்றால் ஏன் வேண்டாம் என்றார்? ஒருமுறை பின்னேரம் சொல்லாமல் அங்கே போனபோது அவர் வானுக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எதையோ போர்வைக்குக் கீழே தள்ளினார்.

"என்ன உது?" என்றேன்.

"ஒண்டுமில்லை மாஸ்டர், பலகைத் துண்டு."

அந்த நேரம் பெரிதாக எடுக்கவில்லை. பட்டியல் போடும்போது அந்தப் போர்வை நாளுக்கு இருபது தடவை நினைவுக்கு வந்தது. அந்த மாதத்தில் இரண்டு தடவை அவருடைய அஜின்கோர்ட் வீட்டில் தேத்தண்ணி குடித்தேன். அவர் பேசும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

குழுத் தலைவரிடம் போய், அந்தத் தாள்களை நம்பமுடியாது, பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். இது என் தொழில் என்றேன்.

விருந்தில் இருபது வருடம் கடந்தவன் என்று என் பெயரையும் கூப்பிட்டார்கள். நண்பர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு அவருடைய மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணை, இவற்ற பேர் அடுத்த முறையோ?"

"ஓம், ஒவ்வொரு முறையும் கொஞ்சப் பேருக்குத்தான் குடுப்பினம்," என்று பொய் சொன்னேன்.

மார்கழியில் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். முழங்கால் இனி ஏரியில் நிற்க விடாதாம். "கராஜுக்குள்ள கொஞ்சச் சாமான் கிடக்கு. உங்களுக்குத்தான் பிரயோசனம், வாங்கோ."

அவருடைய கராஜில் சுவரோடு ஒட்டுப்பலகைகள் சாத்தியிருந்தன, வருடத்துக்கு ஒன்றாக. தச்சர்கள் பாவிக்கும் தடித்த பென்சிலால் நிறைய எழுதியிருந்தது. தமிழில். '41. கை நடுங்குது. தேத்தண்ணி குடுத்து பத்து நிமிசம் மறிச்சனான்.' '63. இன்ஜின் இருமுது. தூரத்திலயே கேட்டது. அடுத்த செக்பொயின்ற் ஆக்களுக்குச் சொன்னனான்.' ஒவ்வொரு வண்டி இலக்கத்துக்கும் பக்கத்தில் நேரம். சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் அவருடைய தாள்களில் சில எனக்கு மனப்பாடம். ஒரு நிமிடம்கூட மாறவில்லை.

"தாள் நனைஞ்சு போகும். பலகை நனைஞ்சாலும் பென்சில் நிக்கும். பின்னேரம் வானுக்க இருந்து பேனையால பாத்து எழுதிக் குடுப்பன்," என்றார். "ஆக்கள் பக்கத்தில நிண்டு கதைச்சா இன்ஜின் சத்தம் பிடிபடாது. அதுதான் தனிய நிண்டனான்."

"ஏன் என்னட்டை ஒளிச்சனீங்கள்?"

சிரித்தார். "நான் அஞ்சாம் வகுப்பு. நீங்கள் மாஸ்டர். என்ர தமிழைக் காட்டக் கூச்சம்தான்."

குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அந்தப் பலகைகளை வாசிக்கக்கூடிய ஒரே ஆளும் நான்தான்.

"உங்கட பேரை எடுப்பிச்சது நான்தான்," என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

கையிலிருந்த பலகையைச் சுவரோடு சாத்தினார்.

"இருவத்திரண்டு வருசம் ஒரே வானில போய் வந்தனாங்கள். போக ஆறு மணித்தியாலம், வர ஆறு மணித்தியாலம். ஒருக்காக் கேட்டிருக்கலாமே, மாஸ்டர்."

அன்றிரவே தலைவருக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த விருந்தில் அவரைக் கௌரவிப்பதென்று முடிவானது. வருவீர்களா என்று கேட்டேன். "வாறன். ஏன் போன முறை கூப்பிடேல்லை எண்டு நீங்கள் மேடையில சொல்லவேணும். மனுசி அண்டையில இருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறாள்," என்றார். ஒப்புக்கொண்டேன்.

கடந்த இலையுதிர்காலத்தில் அந்த விருந்து நடந்தது. மேடையில் மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் இருவரும் இருந்தார்கள். தாள்களில் நேர்ந்த ஒரு தவறால் போன வருடம் ஒரு பெயர் விடுபட்டுப்போனது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சபை கைதட்டியது. அவர் மேலே வந்து விருதை வாங்கினார், எனக்குக் கைதந்தார். நான் இறங்கிப் போகும்போது அவருடைய மனைவி என்னைப் பார்க்காமல் கடந்துபோனார்.

தாள்களில் ஒரு தவறும் இருக்கவில்லை.