சின்னக்கையும் ஒன்பதாவது விமானமும்

விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹாங்கரில் அவளுக்குச் சின்னக்கை என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. விமானத்துக்குள் ஓடுகிற மின்கம்பிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதினாலு வருஷமாகச் செய்கிறாள். கை அப்படியொன்றும் சின்னதில்லை. வளையல் கடையில் நடுத்தர அளவுதான் கேட்பாள். ஆனால் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான், அளந்து பார்த்து யார் கழற்றப்போகிறார்கள்?

அந்தப் பெயரை வைத்தவர் ஃபோர்மேன். வைத்த கதை அவருக்கு அவ்வளவு பெருமையானதில்லை.

வேறெங்கோ ஒரு நாட்டில், இவர்களிடம் இருப்பது போன்ற ஒரு விமானத்தில் தரைக்கு அடியிலிருந்து புகை வந்தது. இறக்கிப் பிரித்துப் பார்த்தால், ஒரு கம்பிக் கற்றை உலோகத் தாங்கியில் வருஷக்கணக்காக உரசி, மேல்தோல் போய், தீப்பொறி பறந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த வகை விமானம் வைத்திருக்கும் எல்லோருக்கும் கட்டாய உத்தரவு வந்துவிட்டது. கற்றையை இரண்டு விரல் தள்ளி வை, ரப்பர் வைத்த பிடிப்பு போடு, மேலே உறை மாட்டு, வேலையில் கை வைக்காத இன்னொருவர் பார்த்து முத்திரை குத்தட்டும். குறித்த தேதிக்குள் செய்யாத விமானம் பறக்கக் கூடாது. இதற்கு ஹாங்கரில் ‘ஏடி’ என்று பெயர். ஏடி வந்தால் கெஞ்சிப் பார்க்க முடியாது, சாக்குச் சொல்ல முடியாது. முதலாளியே வந்து நின்றாலும் செய்துதான் ஆகவேண்டும்.

இங்கே அந்த வகையில் ஒன்பது விமானங்கள். முதலாவது வந்தபோது, “இதெல்லாம் ஒரு வேலையா” என்று ஃபோர்மேனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு சரக்கு அறைக்குள் படுத்தார். சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துளை. அதற்குள் கையை விட்டால் முன்னால் ஒரு விலா எலும்பு மாதிரி சட்டம் மறிக்கும். அதைத் தாண்டி வலப்பக்கம் வளைந்து போனால்தான் கற்றை. அவர் கையை விட்டார், வளைத்தார், முறுக்கினார், பிறகு எடுக்க முடியவில்லை. இருபது நிமிஷம். மசகெண்ணெய் பூசி, இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. மானமும் கொஞ்சம் உரிந்திருந்தது.

“இது ஆம்பளைக் கை போற இடமில்ல, சின்னக் கை வேணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் படுத்து, கையை விட்டு, முக்கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டு எழுந்துவந்தாள். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

அதையும் சேர்த்து அடுத்தடுத்து எட்டு விமானம். செய்தி பரவி, கம்பெனிப் பத்திரிகையிலிருந்து ஆள் வந்து அவள் கையைப் படம் எடுத்தார்கள். இப்போது கேன்டீன் சுவரில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஒரு கை, விரலிடுக்கில் ஒரு வெள்ளைக் கம்பி, கீழே ‘நம் தங்கக் கை’ என்று எழுத்து. பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார்கள்.

அந்தப் படத்தில் இருப்பது வலது கை. வேலை செய்தது இடது.

இது அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும். அவள் பிறவியிலேயே இடதுகைக்காரி. அம்மா விடவில்லை. பென்சிலை இடது கையில் எடுத்தால் கரண்டிக் காம்பால் ஒன்று விழும், சாதத்தில் வைத்தால் இரண்டு விழும். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் எழுத்தும் சாப்பாடும் வலது கைக்கு வந்துவிட்டன. ஆனால் ஸ்பேனர் பிடிக்க, திருகு முடுக்க, ஊசியில் நூல் கோக்க அம்மா சொல்லித் தரவில்லையே. அவை இடது கையிலேயே தங்கிவிட்டன. நாலு பேர் பார்க்கக் கையெழுத்துப் போடும்போது வலது கை. விமானத்துக்குள் தனியாகப் படுத்துத் துளைக்குள் கையை விட்டால் எந்தக் கை என்று யார் பார்க்கிறார்கள்? படம் எடுக்க வந்தவர் “கையைக் காட்டுங்க” என்றதும், பழக்க தோஷம், வலது கையை நீட்டிவிட்டாள். பிறகு திருத்தச் சொல்லக் கூச்சம். கூச்சம் போனபோது, பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பெருமைதான் இப்போது காலை வாரியது.

அவளுக்குப் பரிசோதகர் வேலை வேண்டும். தேர்வு எழுதிப் பாஸாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்கென்று செய்த முத்திரை, இருபத்துமூன்றாம் எண், தரப் பிரிவுப் பெட்டகத்தில் மையே காணாமல் கிடக்கிறது. இருக்கிற பரிசோதகர் மாத முடிவில் வேறு ஊருக்கு மாற்றலாகிறார். அந்த நாற்காலிக்கு ஃபோர்மேன் ஒரு பெயர் சொல்லவேண்டும்.

“உன் பேரைச் சொல்ல எனக்கு ஆசை இல்லையா?” என்றார் ஃபோர்மேன், அவள் போய் நின்றபோது. “ஆனா வேலை செஞ்ச ஆளே பரிசோதனை பண்ணக் கூடாது. ஒன்பதாவது நாளைக்கு வருது. அது முடிஞ்சா அடுத்த ஏடி, வேற வகையில பதினாலு விமானம், அதே மாதிரி துளை. உன் கையை விட்டா யாரு கை போகும்? அந்த நாற்காலிக்குத் தலைமை அலுவலகத்துலேர்ந்து ஒரு ஆளை அனுப்பச் சொல்லப்போறேன்.”

“என்னைவிடச் சின்னக் கை யாருக்காவது இருந்தா, சார்?”

“இருந்தாப் பார்ப்போம். எங்கே இருக்கு?” என்று தன் கையை விரித்துக் காட்டினார். முறம் அளவு இருந்தது.

திறமையாகச் செய்கிறவளை அந்த வேலையிலேயே கட்டிப்போடுகிற இந்த நியாயம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அவளுக்கு வயிறெரிந்தது. அதைவிட அதிகம், தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் வீட்டில் அவள் வெங்காயம் நறுக்கினாள். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாலரை மணிக்கெல்லாம் வந்து, எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“கத்தி இருக்கிற கையைப் பாரு” என்றார். “அதைச் சொல்லிட்டா முடிஞ்சுதே.”

“எப்படிங்க சொல்றது? சுவத்துல படம் மாட்டியாச்சு. மந்திரி மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் காட்டியாச்சு. இப்பப் போய், அது அந்தக் கை இல்லைன்னா சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிப்பாங்க. ரெண்டு நாள் சிரிப்பாங்க. அப்புறம்?”

“அப்புறம் நான் சின்னக்கை இல்ல. சும்மா ஒரு பீச்சாங்கைக்காரி.”

அவர் பூண்டைக் கீழே வைத்தார். “உனக்கு அந்தப் பட்டம் வேணுமா, முத்திரை வேணுமா?”

அவள் வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கினாள். “எட்டு விமானத்துல அந்த இடத்தைத் தொட்டிருக்கேன்” என்றாள். “ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. கை போனா கண்ணு போகாது. பரிசோதகர்தான் கண்ணாடியும் விளக்கும் வச்சுப் பார்ப்பாரு. எனக்குப் பார்க்கணும்ங்க.”

“அப்போ போய்ப் பாரு” என்றார் அவர், மறுபடி பூண்டை எடுத்துக்கொண்டு. இந்த மனிதர் இப்படித்தான், பெரிய விஷயத்தை எல்லாம் ஒரு பூண்டுப் பல் அளவுக்கு ஆக்கிவிடுவார். அவளுக்கு அதில் எப்போதும் ஒரு நிம்மதி.

மறுநாள் காலை ஒன்பதாவது விமானம் ஹாங்கருக்குள் வந்து நின்றது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, சிவப்புச் சீட்டு மாட்டி, கருவித் தட்டை எண்ணி வைத்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பின்னால் திரும்பி, “தம்பி, நீ போ” என்றாள்.

தம்பி என்று அவள் சொன்னது, கூட வேலை செய்கிற, எல்லோரும் அலமாரி என்று கூப்பிடுகிற ஆளை. ஆறடி இரண்டு அங்குலம், அதற்கேற்ற அகலம். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். கதவில் நின்றால் வெளிச்சம் வராது, அதனால் அந்தப் பெயர். இடது கையால் எழுதுவான். எழுதி முடிக்கும்போது உள்ளங்கை ஓரமெல்லாம் மை.

ஹாங்கரே சிரித்தது. “அக்கா, என்னைக் கொல்லப் பார்க்கறீங்களா?” என்றான் அலமாரி. யாரோ ஓடிப்போய் மசகெண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை, முழங்கையைத் தடவிக்கொண்டார்.

“சார்” என்றாள் அவள். “அது சின்னக் கையால நடந்த வேலையில்ல. இடது கையால நடந்தது. உள்ள போனதும் வலப்பக்கம் வளையணும். வலது கை முழங்கை அந்தப் பக்கம் மடங்காது, நீங்க முறுக்கினதாலதான் மாட்டிக்கிச்சு. இடது கை தானா மடங்கும். நான் வேலைக்கு இடதுகைக்காரி. படத்துல இருக்கறது வேலை செஞ்ச கையே இல்ல.”

சிரிப்பு நின்றது. ஃபோர்மேன் தன் வலது கையை முன்னால் நீட்டி மடக்கிப் பார்த்தார். பிறகு இடதை நீட்டி மடக்கிப் பார்த்தார். மூன்று தரம் பார்த்தார்.

“எட்டு விமானம்” என்றார் கடைசியில். “எட்டு விமானம் வரைக்கும் இதைச் சொல்லலையே நீ.”

“தப்புதான் சார். படம் பார்க்க நல்லா இருந்துது.”

அலமாரி சரக்கு அறைக்குள் ஊர்ந்து போய்ப் படுத்து, இடது கையை விட்டான். முழங்கை வரை போயிற்று, மடங்கிற்று, தோள் வரை போயிற்று. “கற்றை கையில இருக்கு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மசகெண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்தவர் சத்தம் போடாமல் எடுத்துப் போய்விட்டார்.

ஃபோர்மேன் தரப் பிரிவுக்கு ஃபோன் செய்தார். மாற்றலாகப் போகிற பழைய பரிசோதகரே அவள் முத்திரையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். “நான் பக்கத்துல நிக்கறேன். ஆனா வாயைத் திறக்க மாட்டேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு” என்றார்.

அலமாரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவன் வெளியே வந்ததும் அவள் படுத்தாள். நீளக் காம்பு வைத்த கண்ணாடியைத் துளைக்குள் விட்டு, விளக்கைத் திருப்பினாள். எட்டு முறை விரலால் மட்டும் பழகிய இடம் கண்ணாடியில் வந்து நின்றது. வெள்ளைக் கம்பிகள் ஒன்றையொன்று மிதிக்காமல் வரிசையாகப் போயின. ரப்பர் பிடிப்பு இறுக்கமாக இருந்தது. தாங்கிக்கும் கற்றைக்கும் நடுவே சுத்தமான இரண்டு விரல் இடைவெளி. இவ்வளவு அழகாகவா இருக்கும் இந்த இடம் என்று அவளுக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் தான் எதற்குப் படுத்திருக்கிறோம் என்பதே ஒரு நொடி மறந்துபோயிற்று.

பிறகு பார்த்தாள். கற்றையைக் கட்டிய பட்டைகளில் மூன்றாவதன் வெட்டிய முனை கூராக நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கம்பிக்கு நேராக.

“தம்பி, மூணாவது கட்டு. முனை கூரா இருக்கு. வெட்டிப் புதுசு போடு.”

“அக்கா, ஒரு கட்டுதானே?” என்றான் அலமாரி. தோள் சிவந்துபோயிருந்தது. “தடவிப் பார்த்தேனே, ஒண்ணும் குத்தலையே.”

“உன் தோலுக்கு ஆணியே குத்தாது. கம்பிக்குக் குத்தும்.”

ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்கு வெளியே இழுக்கணும். மத்ததெல்லாம் சரியா இருக்கில்ல?”

நேற்றுவரை இவர் சொன்னால் அவள் சரி என்பாள். இந்த மனிதர் இப்போதுதான் வழி விட்டிருக்கிறார். முதல் நாளே முரண்டு பிடித்தால் தலைமை அலுவலகத்து ஆள் நாளைக்கே வந்து உட்காருவான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பழைய பரிசோதகர் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை, மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மத்ததெல்லாம் சரியா இருக்கு சார். இது சரியில்ல. இதை மாத்தாம நான் குத்த மாட்டேன்.”

ஃபோர்மேன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அலமாரியிடம் திரும்பி, “என்ன நின்னுட்டிருக்க? பரிசோதகர் சொல்றாங்கல்ல” என்றார்.

அலமாரி முனகிக்கொண்டே மறுபடி உள்ளே போனான். “போடா சின்னக்கை, சீக்கிரம்” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். ஹாங்கர் வெடித்துச் சிரித்தது. ஆறடி இரண்டு அங்குலத்துக்கு அந்தப் பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் இரண்டாம் முறை கண்ணாடி விட்டுப் பார்த்தாள். முனை மழுங்க வெட்டியிருந்தது. கருவித் தட்டை எண்ணினார்கள், கணக்குச் சரியாக இருந்தது. மேசையில் வேலைத் தாளை விரித்து வைத்தார்கள்.

“கேன்டீன் படத்தை மாத்தணுமா?” என்று கேட்டார் ஃபோர்மேன், குரலைத் தாழ்த்தி.

“வேணாம் சார். இனிமே கையெழுத்துப் போடறது அந்தக் கைதானே. இருக்கட்டும்.”

வலது கையால் கையெழுத்துப் போட்டாள், இரண்டாம் வகுப்பில் பழகிய அதே குண்டு எழுத்தில். பிறகு முத்திரையை எடுக்கப் போனபோது இடது கை முந்திக்கொண்டது. சுற்றிலும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் கையை மாற்றவில்லை. முத்திரை குத்த எந்தக் கை என்று அம்மா சொல்லித் தந்திருக்கவில்லை. மையில் தொட்டு, கட்டத்துக்குள் வைத்து அழுத்தினாள். இருபத்துமூன்று என்று நேராக விழுந்தது.