தளம் என்று பெயர் வைத்தேன், பலகாரம் கேட்டார்கள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் எங்கள் ஊரான பத்து பாகாட்டில் எந்தக் கடை எந்தக் கிழமை திறந்தது, எது எப்போது பூட்டியது, எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் ஏறியது என்று யாரும் கேட்காமலே எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இதுவரை பதினேழு நோட்டுகள். பதினான்காவது நோட்டை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை. அதில் இருப்பது என் சொந்த முட்டாள்தனம், கிழமையோடும் நேரத்தோடும்.

என் தங்கை ஒன்பது வருடம் சிங்கப்பூரில் இணையப் பக்கங்கள் வடிவமைக்கும் வேலையில் இருந்தாள். வார நாட்களில் ஜொகூர் பாருவில் ஒரு வாடகை அறை, அங்கிருந்து பாலத்தைக் கடந்து வேலை. வெள்ளி இரவு பஸ் பிடித்து ஊருக்கு வருவாள். அப்போது ஜொகூர் பள்ளிகளுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. அவளுக்கோ சனியும் ஞாயிறும். ஆகவே அவளும் மகளும் ஒன்றாக வீட்டில் இருந்தது வாரத்துக்கு ஒரே ஒரு நாள். வகுப்பில் ஆசிரியர், அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, "சனிக்கிழமை வருவாங்க" என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதமே தங்கை வேலையை விட்டாள்.

அவளுடைய மேலாளர் நல்ல மனிதர். ஆறு மாதம் வரை அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுப்பதில்லை என்றார். அந்த ஆறு மாதத்துக்குள் அவள் சொந்தமாக எழுதியிருந்த ஒரு மென்பொருளைக் கடைக்காரர்கள் வாங்கத் தொடங்க வேண்டும். கணவரின் ஒரே சம்பளத்தில் வீடு ஓடாது. யாரும் வாங்கவில்லையென்றால் மறுபடியும் அந்த அறை, அந்தப் பாலம், அந்தச் சனிக்கிழமை.

மென்பொருள் நன்றாகவே இருந்தது. கணினி தெரியாத கடைக்காரர்கூடத் தன் கைப்பேசியிலேயே கடைக்கு ஓர் இணையப் பக்கம் அமைத்துவிடலாம். படம் எடுக்க வேண்டும், விலை போட வேண்டும், அவ்வளவுதான். மிச்சம் இருந்தது இரண்டே வேலை. ஒரு பெயர் வேண்டும், நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் அதிகம் படித்தவன் என்று அந்த இரண்டையும் என்னிடம் கொடுத்தாள். அவள் செய்த ஒரே தவறு அது.

நான் ஒரு துணி ஆலையில் கிடங்கு எழுத்தர். நல்ல துணிக்கு விளம்பரம் எதற்கு என்று நம்பியவன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விளம்பரம் என்பது மட்டமான சரக்குக்குப் போடும் கஞ்சி என்று மேடை கிடைத்த இடத்திலெல்லாம் பேசியிருக்கிறேன். மேடை பெரும்பாலும் சாப்பாட்டுக் கடை மேசைதான்.

மூன்று வாரம் அகராதிகளோடு உட்கார்ந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு பத்துக்குப் பெயரை அறிவித்தேன்: தளம். இணையதளத்தில் உள்ள தளம், வீட்டின் தளம், படை தங்கும் தளம். ஒரே சொல்லில் மூன்று பொருள். ஆங்கில எழுத்தில் எழுதும்போது டி-க்குப் பிறகு ஒரு எச் போட்டால் வெள்ளைக்காரன் மாதிரி நாக்கைக் கடித்துப் படிப்பார்கள் என்று அதை எடுத்துவிட்டேன்.

தங்கை தாளைப் பார்த்தாள். "அண்ணே, எச் இல்லாட்டி மலாய்ல இது..."

"மலாயும் நம்மகிட்டேர்ந்து எடுத்ததுதாம்மா. நீ மென்பொருளப் பாரு."

எச் இல்லாமல் எழுதினால் மலாய்க்காரர் அதைத் தாலாம் என்றுதான் படிப்பார்கள். நானும் சின்ன வயதிலிருந்து குவே தாலாம் தின்றவன்தான். கீழே வாசனைக்குப் பாண்டான் இலை போட்ட பச்சை அடுக்கு, மேலே தேங்காய்ப்பால் வெள்ளை அடுக்கு, ஆவியில் வெந்த பலகாரம். ஆனால் அந்தச் சொல்லை நாக்கு ஒரு அறையிலும் மூளை வேறொரு அறையிலும் வைத்திருந்தன போலும். நடுவில் கதவே இல்லை.

அதோடு நின்றிருக்கலாம். பதாகைக்கு நிறம் வேண்டும் என்றார் அச்சகக்காரர். நிறங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் படித்து, நம்பிக்கைக்குப் பச்சை, தூய்மைக்கு வெள்ளை என்று முடிவு செய்தேன். பச்சை கீழே, வெள்ளை மேலே. மென்பொருளில் கடைக்காரர் பார்ப்பது ஒரு அடுக்கு, வாடிக்கையாளர் பார்ப்பது ஒரு அடுக்கு. எனவே பெயருக்குக் கீழே மலாயில் ஒரு வரி: இரண்டு அடுக்கு, ஒரு மணி நேரத்தில் தயார். பக்கத்தில் என் தொலைபேசி எண். பேருந்து நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு வியாழக்கிழமை காலை அதைக் கட்டினோம்.

முதல் அழைப்பு பதினோரு மணிக்கே வந்தது. ஒரு மலாய்ப் பெண்மணி, கல்யாண விருந்துக்கு நூறு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். இது பலகாரம் இல்லை, தமிழில் இடம் என்று பொருள், உங்கள் தாலாம் என்ற சொல்லே எங்கள் தாலம் என்ற தட்டிலிருந்து வந்ததாகப் படித்திருக்கிறேன் என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, பாண்டான் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்குமா என்றார்.

இரண்டு மாதத்தில் வந்த எல்லா அழைப்பையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டைத் தவிர எல்லாம் பலகாரத்துக்கு. அந்த இரண்டில் ஒன்று தவறான எண். இன்னொன்று அச்சகக்காரர், பதாகை காற்றில் அவிழ்ந்து தொங்குகிறது என்று சொல்ல.

நான் தினமும் தேநீர் குடிக்கும் சாப்பாட்டுக் கடை பாயிடம் மென்பொருளை நேரிலேயே காட்டினேன். அவர் என் கைப்பேசியில் தோசைப் படத்தை ஏற்றி, மகிழ்ந்து, கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"சாமான் நல்ல சாமான்தான் அண்ணே. ஆனா என் மச்சான்கிட்ட என்னானு சொல்றது? தாலாம் வாங்கினேன்னா எத்தன துண்டுனு கேப்பான்."

"விளக்கிச் சொல்லுங்க பாய்."

"நான் தோச சுடவா, ஒங்க பேருக்கு வெளக்கம் சொல்லவா? அந்த வெளிநாட்டுக்காரன் இதே மாதிரி ஒண்ணு விக்கிறானே, அதுக்கு யாரும் வெளக்கம் கேக்கலியே லா."

வெளிநாட்டு மென்பொருளை வீட்டில் திறந்து பார்த்தேன். தங்கையுடையதில் பாதி வசதிகூட அதில் இல்லை. ஆனால் முதல் பக்கத்தில் ஒரு ரொட்டிக் கடைக்காரி தன் கடைப் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும், இது எதற்கு என்று எனக்கே புரிந்துவிட்டது. துணியைத் தேய்த்துப் பார்க்கலாம். மென்பொருளை எந்த விரலால் தேய்ப்பது? வாங்கிப் பழகும் வரை கடைக்காரர் கைக்கு எட்டுவது பெயரும் அந்த முதல் படமும்தான். அந்த இடத்தில் நான் ஒரு சொல்லாராய்ச்சிக் கட்டுரையை வைத்திருந்தேன். இதைத் தங்கையிடம் சொன்னபோது ஐந்தாவது மாதம் தொடங்கியிருந்தது.

"தெரிஞ்சா சரி. ஃபோன இங்க குடுங்க," என்றாள்.

அன்று மாலையே ஒரு அழைப்பு. எண்பது துண்டு தாலாம். தங்கை மலாயில், அத்தை என்று கூப்பிடுவது போல, "இருக்கு மக்சிக், கொஞ்ச நேரத்துல கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்தாள்.

"அலமாக், என்னம்மா பொய் சொல்றே?" என்று பதறினேன்.

"பொய்யா? ஸ்கூல் கேட் பக்கத்துல கூடாரம் போட்டு குவே விக்கிறாங்களே ஒருத்தங்க, அவங்க செய்வாங்க. ஆளுங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க, நீங்க அகராதியப் பொரட்டிக்கிட்டு இருக்கீங்க."

மறுநாள் அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்து, பலகாரக்கார அம்மாவின் கைப்பேசியிலேயே அவருக்கு ஒரு பக்கம் அமைத்துக் கொடுத்தாள். நாற்பது நிமிடம் ஆனது. பச்சை வெள்ளைத் துண்டுகளின் படம் மேலே. வேலை முடிந்ததும் அந்த அம்மா, அடுத்த கூடாரத்தில் நாசி லெமாக் சோறு விற்பவளைக் கூப்பிட்டுக் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார்.

"டா புக்கா!"

திறந்தாச்சு என்று அர்த்தம். தங்கை அந்தச் சொல்லைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். திங்கட்கிழமை என் பதாகை இறங்கியது. புதன்கிழமை ஏறிய பதாகையில் அதே அம்மா கூடாரத்தின் முன் நிற்கிறார். கீழே டா புக்கா. வேறு ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. நோன்பு மாதத்தில் இந்தச் சொல்லுக்கு நோன்பு திறந்தாச்சு என்றும் பொருள் வருமே என்று நானாகவே சொன்னேன். "அதுவும் நல்லதுதான்," என்றாள்.

நாசி லெமாக் கடை வந்தது. பாஜு குரோங் உடை தைப்பவர் வந்தார். அவருடைய அக்கா ரெங்கம் என்ற ஊரிலிருந்து கூப்பிட்டார். பாயின் மச்சான் பாயைக் கேட்காமலே வாங்க, பாய் கோபித்துக்கொண்டு மறுநாளே வாங்கினார். மென்பொருளில் ஒரு வரிகூட மாறவில்லை என்பதை நோட்டில் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

ஆறாவது மாதத்தின் கடைசி வாரம் மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. வருகிறாளா, இல்லையா? பதிலை நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவருடைய பெருந்தன்மை, ஒன்பது வருட உறவு, இரு நகரங்களின் தொடர்பு எல்லாவற்றையும் தொட்டு இரண்டு பக்கம் வந்தது. தங்கை முதல் பத்தி வரை படித்தாள்.

"நல்லா இருக்குண்ணே," என்று தாளை மேசையில் வைத்தாள். பிறகு கைப்பேசியில், வரவில்லை, மிக்க நன்றி என்று ஒரே வரி தட்டி அனுப்பிவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரக் கார் சாவியை எடுத்தாள். கிழமை திங்கள். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.