தோணிகள் புறப்பட்ட வரிசை

கருவாட்டு வாசனையும் வெங்காயச் சாக்கின் நெடியும் கலந்த காற்று... பழைய துறைமுகத்துக்கு எதிரே இருந்த எங்கள் அலுவலகத்தின் ஜன்னலைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது அதுதான். ஜன்னலை மூடினால் கணினி கொதிக்கும். திறந்தால் உப்புக் காற்றில் அதன் திருகாணிகள் துருவேறும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன்.

நண்பர்களே, கல்லூரியில் நான் படித்தது வரலாறு. கணினியை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த தாள்களே என் பல்கலைக்கழகம். இதைச் சொல்வதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தோணிகளுக்குச் சரக்குப் பட்டியல் அச்சிட்டுத் தரும் செயலி ஒன்றை நானும் செல்வினும் எழுதிப் பராமரித்து வந்தோம். செல்வின் தோணிக் குடும்பத்துப் பிள்ளை, என் வயதுதான்.

நிரலில் எந்த மாற்றம் செய்வதற்கு முன்பும், முழு நிரலையும் அப்படியே நகலெடுத்து ஒரு ஃபோல்டரில் வைப்போம். அன்று துறையை விட்டுப் புறப்படும் தோணியின் பெயரே அந்த ஃபோல்டருக்கும் பெயர். ஆரோக்கியமேரி, சலேத் மாதா, மீன்கொடி...

தேதியை இட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் அலுவலகத்தில் தேதியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தோணியின் பெயரை யாரும் மறப்பதில்லை.

ஒரு காலை, இந்த நகல்களாலேயே ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது. பட்டியல் அச்சாக மறுத்தது. முதலாளி அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார்.

"பழச எல்லாம் அழிச்சுப் போடுங்க."

"மாலத்தீவுக்காரங்க திடீர்னு பழைய மாதிரிப் பட்டியல் கேப்பாங்களே, அண்ணாச்சி?" என்றேன்.

"கேட்டா குடுக்கணும். இப்ப அழிக்கவும் செய்யணும். குடுக்க முடியலன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராத, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். செல்வின் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் கணினி கிடையாது. கணினிப் பட்டம் இல்லாத ஒருத்தியை வேறெந்த அலுவலகம் கணினியின் முன் உட்கார வைக்கும்?

அந்நாட்களில் இலவசக் கருவி ஒன்றைப் பற்றிப் படித்து வைத்திருந்தேன். ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும் அது ஒரே கோப்பில் அடக்கிவிடும். கடைசிப் பதிப்பை மட்டும் முழுமையாக வைத்துக்கொள்ளும். அதற்கு முந்தையதைப் பெற எந்த வரிகளை நீக்கி, எந்த வரிகளைச் சேர்க்க வேண்டும் என்னும் வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். அதற்கும் முந்தையதற்கு இன்னொரு வித்தியாசம்... இப்படியே பின்னோக்கி நடந்தால் முதல் பதிப்பு வரை போகலாம்.

"வித்தியாசத்த மட்டும் வச்சுகிட்டு என்னளா பண்ண? வித்தியாசத்த தோணில ஏத்த முடியுமா?" என்றான் செல்வின்.

"ஏலே, சும்மா கெட. எந்தத் தோணிக்கு அப்புறம் எந்தத் தோணி போச்சுன்னு மட்டும் சொல்லு."

சிக்கல் அங்கேதான் இருந்தது. பழைய கணினியிலிருந்து ஃபோல்டர்களைப் புதியதற்கு மாற்றியபோது எல்லாவற்றுக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது. வரிசை செல்வினின் தலையில் மட்டும்தான் இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக உள்ளே சேர்த்தேன்.

சேர்த்து முடித்துப் பார்த்தால், எல்லா இடத்திலும் சில வரிகளே மாறியிருந்தன. சலேத் மாதாவுக்கு முன்னும் பின்னும் மட்டும் பாதி நிரலே புரண்டு கிடந்தது.

"நீ வரிசையத் தப்பாச் சொல்லிருக்க."

"தோணி எனக்குத் தெரியாதாளா? மீன்கொடிக்கு முன்னாடி சலேத் மாதா போச்சு. நானே கரையில நின்னு கையசைச்சேன்."

"அப்ப இவ்வளவு வித்தியாசம் ஏன் வருது?"

செல்வின் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "ஏளா... அது பாதி வழியில இஞ்சின் மக்கர் பண்ணித் திரும்பி வந்துட்டுல்லா! மீன்கொடி போய் ரொம்ப நாள் கழிச்சுத்தான் மறுபடியும் கெளம்புச்சு. அப்பதான் அந்த ஃபோல்டரப் போட்டேன்."

சலேத் மாதாவைப் பின்னால் நகர்த்தினோம். வித்தியாசங்கள் எல்லாம் சில வரிகளாகச் சுருங்கின. ஃபோல்டர்களை அழித்தேன். டிஸ்க்கில் தாராளமாக இடம் கிடைத்தது.

அடுத்த வாரமே சோதனை வந்தது. ஆரோக்கியமேரி வெங்காயத்தோடு கரையில் நிற்க, மாலத்தீவிலிருந்து போன். எடையெல்லாம் கிலோவில் இருக்கிறதாம். பழையபடி மூட்டைக் கணக்கில் பட்டியல் வேண்டுமாம். அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஒரு ஃபோல்டரக்கூட காணலியே! எங்கனளா போச்சு எல்லாம்? வெங்காயம் அழுகிச்சுன்னா ஒன்னத்தான் கேப்பேன்."

செல்வின் மெல்லக் குனிந்து, "மீன்கொடியக் கேளு. அதுலதான் மூட்டை" என்றான்.

கட்டளையைத் தட்டினேன். கருவி வித்தியாசம் வித்தியாசமாகப் பின்னோக்கி நடந்து, அழித்துவிட்ட மீன்கொடியை ஒரு வரி குறையாமல் எழுப்பித் தந்தது. பிரிண்டர் கரகரவென்று இயங்கத் தொடங்கியது. முதல் தாளிலேயே மூட்டைக் கணக்கு.

அண்ணாச்சி தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துரு."

இன்று என் கணினியில் இடப் பஞ்சமே இல்லை. வீட்டு மாடியிலிருந்தே வேலை. வெங்காய நெடி இத்தனை தூரம் வருவதில்லை. தொலைவில் கன்டெய்னர் கப்பல்கள் மட்டும் தெரிகின்றன. நான் வெளியிடும் பதிப்புகளுக்கு எண்களே பெயர்கள். மிகவும் ஒழுங்கானவை. அவற்றில் ஒன்றுகூட என் நினைவில் நிற்பதில்லை.

ஆனாலும் என் சொந்தக் கணினியில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கப்பலின் பெயரை ரகசியமாகச் சூட்டிவிடுகிறேன். செல்வின் இப்போது வளைகுடாவில் ஒரு துறைமுக அலுவலகத்தில் இருக்கிறான். போன வாரம் அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: "ஏலே, இன்னைக்கு அங்கன எந்தக் கப்பல் கெளம்புது?"

பதில் உடனே வந்தது.

"பேரு ஒன்னும் வாயில நுழையலளா. நீ ஆரோக்கியமேரின்னே போட்டுரு."