முதல் முடி, முதல் ஊசி

வள்ளிக்கு முதலில் வந்தது வெறும் மூக்கொழுகல்தான். பத்து மாதக் குழந்தைக்கு மூக்கு ஒழுகுவதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? துளசிச் சாறு கொடுத்தேன். இரண்டாவது வாரம் இருமல் பிடித்தது. ஒருநாள் காலை, தறியில் உட்கார்ந்திருந்த என் கணவர் நெசவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். தறிச் சத்தத்தையும் மீறி அவருக்கு அந்த இருமல் கேட்டிருக்கிறது.

இருபது முப்பது தடவை, நடுவில் மூச்சே எடுக்காமல் இருமினாள். முகம் சிவந்தது. பிறகு உதடு நீலமானது. அப்புறம் சத்தமே இல்லை. முதுகைத் தட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் தொண்டையைக் கிழிப்பதுபோல ஒரு நீண்ட இழுப்பு வந்து மூச்சு திரும்பியது. குடித்த பாலெல்லாம் வெளியே வந்துவிட்டது.

எங்கள் நெசவாளர் தெருவில் அந்த இழுப்பைத் தெரியாதவர்கள் இல்லை. கக்குவான் (மூச்சுக்குழாயில் கிருமி தொற்றி, மாதக்கணக்கில் வாட்டும் இருமல்).

அதற்கு ஊசி இருந்தது. அதைச் சொல்லாமல் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. சுகாதார நர்ஸ் மாதாமாதம் தெருவுக்கு வந்து முத்தடுப்பூசி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) போட்டுவிட்டுப் போவார். என் கணவர் போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்றவள் நான்தான்.

வள்ளிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன். எட்டாம் மாதம் காய்ச்சலில் துவண்டு கிடந்தவனுக்கு ஒரு வைத்தியர் ஊசி போட்டார். அன்று சாயங்காலமே போய்விட்டான். ஊசிக்கு முன்னாலேயே அவன் கால் சில்லிட்டிருந்ததை நானே தொட்டுப் பார்த்திருந்தேன். ஆனாலும் மனசு ஊசியைத்தான் பிடித்துக்கொண்டது. யாரையாவது, எதையாவது திட்ட வேண்டியிருந்தது.

வள்ளி வயிற்றிலிருந்தபோது படியேறிப் போய் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இது நிலைத்தால் முதல் முடி ஆடிக் கிருத்திகைக்கு உன் மலையில்தான் இறக்குவேன், இதன் உடம்பில் படும் முதல் ஊசி அங்கே காது குத்தும் ஊசியாகத்தான் இருக்கும் என்றேன். முடி கொடுப்பது எல்லாரும் செய்வது. ஊசியைச் சேர்த்தது என் பயம். பயத்துக்குச் சாமி பெயரை வைத்துவிட்டால் அப்புறம் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

நர்ஸ் மட்டும் பேசினார். "இன்னாம்மா, இந்த மாசமும் வேணான்றியா?"

"ஆடிக் கிருத்திகை ஆவட்டுங்க."

"நோவு பஞ்சாங்கம் பாத்துகினாம்மா வருது?"

சிரித்து மழுப்பினேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு திட்டினேன்.

ஆடிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கக்குவான் வந்தது. கழுதைப்பால் வாங்கி ஊற்றினோம். அதையும் வாந்தியெடுத்தாள். நான்காம் நாள் அவளுக்குத் தலை நிற்கவில்லை. அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினோம். பெட்டியில் ஒருமுறை உதடு நீலமாகித் திரும்பியது. பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்தவள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனாள். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "தடுப்பூசி போட்டீங்களா?"

கணவர் என்னைப் பார்த்தார். "இல்லீங்க. வேண்டுதல்" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உடம்புல தண்ணியே இல்லம்மா. கையில, கால்ல எங்கயும் நரம்பு கெடைக்கல. தலையிலதான் குளுக்கோஸ் ஏத்தணும். முடிய எடுக்கணும்" என்றார்.

உதவிக்கு நின்ற பெண் பிளேடோடு குனிந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்க. இது மலைக்கு வேண்டிகினு விட்ட முடி. கால்லயே இன்னொரு தபா பாருங்க."

"பாத்தாச்சும்மா. நேரம் போவுது."

நான் விடவில்லை. என் பிடியில் அந்தப் பெண்ணின் வளையல் நெளிந்தது. என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத என் கணவர் அன்று கத்தினார்.

"சாமி எங்கயும் போவாது, மலையிலதான் கீது. பாப்பா போய்ட்டா எத தூக்கிகினு படியேறுவ, சொல்லு!"

"பாவா, மறுபடியும் ஊசியா..." என்றேன் அவரிடம். அதற்குள் வள்ளி இருமத் தொடங்கினாள். இருமி முடித்தாள். சத்தம் நின்றது. இழுப்பு வரவில்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை வைத்து அவளைக் குப்புறப் போட்டுத் தட்டினார்கள். அந்த நேரம் எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. மூச்சு வந்தபோது என் கை தானாக விட்டிருந்தது.

காதுக்கு மேல் சிரைத்தார்கள். ரப்பர் விரிப்பில் முடி விழுந்தது. ஊசி ஏறியது. வள்ளி அழவில்லை. அழுவதற்குத் தெம்பில்லை. அதைப் பார்த்துத்தான் நான் உடைந்துபோனேன்.

பதினோரு நாள் அங்கே இருந்தோம். வீட்டுக்கு வந்தபிறகும் மூன்று மாதம் இருமினாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால், டாக்டர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்: வாந்தியெடுத்தவுடனே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுங்கள், அடுப்புப் புகை படாமல் வையுங்கள், உதடு நீலமானால் கைவைத்தியம் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்த மாதங்களில் எனக்குக் காலை, மத்தியானம் என்று எதுவும் கிடையாது. ஓர் இருமல், அடுத்த இருமல், அவ்வளவுதான் பொழுது.

ஆடி போய்விட்டது. தைக் கிருத்திகைக்கு மலையேறினோம். முடியிறக்குகிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "முதல் மொட்டைதானேம்மா?" என்றார்.

"இல்லீங்க, ரெண்டாவது" என்றேன். சாமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் ஆஸ்பத்திரியில் நடந்தது தப்பு என்றாகிவிடும்.

அதற்கடுத்த வருஷம் ஒரு பையன் பிறந்தான். மூன்றாம் மாதம் நர்ஸ் வந்தார். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். கணவர் பிள்ளையை வாங்கக் கை நீட்டினார். நான் தரவில்லை. என் மடியிலேயே போட்டுத் தொடையைக் காட்டினேன்.

ஊசி இறங்கியது. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. முகம் சிவந்தது, உதடு நடுங்கியது. தெரு, தறி எல்லாம் என் காதில் நின்றுபோயிற்று.

பிறகு தெருவே கேட்கும்படி வீறிட்டான்.

நர்ஸ் பஞ்சால் தொடையை அழுத்திக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் நல்லாத்தான் அழுவுறான். நீ மூச்ச வுடும்மா."