பாப்பாவின் இடப்பக்கம்

நம்பாவிட்டால் போங்கள். இது என் அண்ணிக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அண்ணி வீடியோ எடிட்டர். அன்று வந்தது சின்ன வேலைதான். ஒரு சிறுமி தன் வீட்டுக் கூடத்தில் ஆடுகிறாள். அவளை மட்டும் தனியே பிரித்தெடுத்து, பின்னால் மேகங்களை வைக்க வேண்டும். மறுநாள் அவளுக்குப் பிறந்தநாள். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாக அவளுடைய அப்பா சொல்லியிருந்தார்.

முதல் ஃபிரேமில் சிறுமியைச் சுற்றிக் கோடு போட்டாள் அண்ணி. மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பிரித்தெடுக்கும் ஆளைச் சிவப்பாகக் காட்டும். காட்டியது. ஆனால் சிறுமியின் இடது கையை ஒட்டி, வெறும் சுவரிலும் கொஞ்சம் சிவப்பு.

நிழலாக இருக்கும் என்று அழித்தாள். அடுத்த ஃபிரேமில் மறுபடியும் வந்தது... இன்னும் பெரிதாக.

"என்னடா இது, ரோதனையா போச்சு!"

கோட்டை மொத்தமாக நீக்கிவிட்டு முதலிலிருந்து போட்டாள். சிவப்பு மெல்ல ஊர்ந்தது. தோள். கழுத்து. பக்கவாட்டில் ஒரு தலை. மூக்குகூடத் தெரிந்தது. ஆனால் படத்தில் அங்கே யாருமே இல்லை.

ஹெட்போனை மாட்டினாள். பாட்டுக்கு நடுவே சிறுமியின் ஷூ சத்தம். டக்... டக்... அது ஓய்ந்த பிறகு, கொஞ்சம் பிந்தி, இன்னொரு டக்.



அடுத்த ஃபிரேமுக்குப் போனாள். மூக்கைக் காணோம்.

தலை திரும்பியிருந்தது.

அண்ணியின் பக்கம்.

சிறுமியின் அப்பாவுக்கு ஃபோன் போட்டாள்.

"சார்... ஆடும்போது பாப்பா பக்கத்துல வேற யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்லையேம்மா. நானும் பாப்பாவும்தான். ஏன்?"

பார்த்ததைச் சொன்னாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் சார். கையைப் புடிச்ச மாதிரி."

"ரெட்டைப் பிள்ளைங்கம்மா. பொறந்தப்போ... இவ மட்டும்தான் அழுதா. இன்னொருத்தி அழவே இல்ல. பாப்பாகிட்ட நாங்க இதைச் சொன்னதே இல்ல."

அண்ணி மறுபடி திரையைப் பார்த்தாள். அவரே கேட்டார்.

"அழிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"வேணாம்... அழிக்காதீங்க." அவர் குரல் இறங்கியது. "எவ்வளவு உயரம் இருக்கா?"

"பாப்பா உயரம்தான்."



"அப்போ... வளர்ந்துக்கிட்டே இருக்காளா?"